பூஜ்யம் பேர் வசிக்கும் ஊர்

சென்ற வாரம் தேசம்மா பேரம் பேசவில்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? தேசம்மாவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பீர்கள். எண்ணூருக்கு அப்பாலிருந்து எங்கள் காலடிப்பேட்டை வரை மீன்கூடை சுமந்து வருகிறவள். நான் ஒரு விலை சொல்ல, அவள் ஒரு விலை சொல்ல, நான் கோபித்துக்கொண்டு உள்ளே போக, அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைக்க, நான் திரும்பி வர, அவள் கூடையை இறக்க — இவ்வளவும் நடந்தால்தான் எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும். அன்று நான் சொன்ன முதல் விலைக்கே மீனை எடுத்துப் போட்டுவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

"உடம்பு சரியில்லையா தேசம்மா?" என்றேன்.

"ஒடம்புக்கு இன்னாம்மா... ஆளே இல்லன்றாங்க, ஒடம்பு எங்கேர்ந்து வரும்?"

"யார் சொன்னது?"

"சர்க்காரு. எங்க குப்பத்துல ஒரு குஞ்சு குளுவான் கூட இல்லியாம். வெறும் மணலாம். ஊரு நடுவுல வெள்ளக் கல்லு நட்டுட்டுப் பூட்டாங்கம்மா. கன்னியம்மா கோயிலாண்ட ஒண்ணு, என் வூட்டு வாசலாண்ட ஒண்ணு. ஓடத்துறையாண்ட குந்திக்கினு கீற காண்ட்ராக்டர் ஆளைக் கேட்டா, 'ஆளில்லாத எடம், கம்பெனி கொட்டாய் கட்டப் போவுது'ன்றான். 'தோ, நான் கீறேனே'ன்னேன். 'நீ கணக்குல இல்ல'ன்னுட்டான்."

தேசம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

"ஊரைத் தூக்கிட்டா எங்கம்மா போறது? கட்டுமரத்த எங்க ஏத்துறது? வலைய எங்க ஒணத்துறது? நீ பேப்பர்ல எழுதுறியே... தேசம்மா உசுரோட கீறான்னு ஒரு வரி எழுதேன்."

எழுதலாம். ஆனால் ஒரு சந்தேகம் இடித்தது. ஊர் நடுவில் கல் நட்டு முடிக்க ஒரு பொழுதாவது ஆகியிருக்காதா? அதுவரை இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

"கல் நடும்போது நீங்கள் எல்லாரும் எங்கே போயிருந்தீர்கள்?"

"எங்கியோ பூட்டோம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் ஜில்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்னைப் பட்டணத்துக்காரி என்று நினைத்துக்கொண்டுதான் உங்களில் பாதிப் பேர் கடிதம் எழுதுகிறீர்கள். இல்லை! ராயபுரத்தில் சங்கு ஊதினால் நாங்கள் வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்கிறோம், வாஸ்தவம். மாடியில் ஏறினால் துறைமுகத்துக் கப்பல் புகை தெரிகிறது, அதுவும் வாஸ்தவம். ஆனாலும் நாங்கள் செங்கற்பட்டு ஜில்லா. தண்டையார்பேட்டையைத் தாண்டினால் பட்டணம் முடிந்தது, கிராமாந்தரம் ஆரம்பம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தினமும் ஒரு ஜில்லாவில் இட்லி சாப்பிட்டு இன்னொரு ஜில்லாவில் ஏப்பம் விடுகிறார். எங்கள் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டணத்தை வடக்கேயிருந்து தெற்கே முழுசாகக் கடந்து சைதாப்பேட்டைக்குப் போகவேண்டும்.

பள்ளிக்கூடப் பூகோளத்தில் எங்கள் ஜில்லா எப்படி இருக்கிறது தெரியுமா? ஏரிகள் நிறைந்தது. நெல்லும் நிலக்கடலையும் விளைவது. ஜனங்கள் பெரும்பாலும் உழவர்கள். கிழக்கு எல்லை, வங்காள விரிகுடா. அவ்வளவுதான்! பக்கத்து வீட்டுப் பெண் இதை உருப்போடுவதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். எல்லை என்றால் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். விடிந்தால் அந்த எல்லைக்குள் மரத்தைத் தள்ளிக்கொண்டு போய் மீனோடு திரும்புகிறவர்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி? எனக்கும் இதுவரை கேட்கத் தோன்றியதில்லை.

மறுநாள் சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். தேசம்மாவின் ஊர்ப் பெயரையும் நான் மாற்றித்தான் சொல்லப்போகிறேன். மணல்மேட்டுக் குப்பம் என்று வைத்துக்கொள்வோம்.

அங்கே இருந்த ஆபீசர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். மின்விசிறியை என் பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டி, "மணல்மேட்டுக் குப்பம்... ஜனத்தொகை, பூஜ்யம்" என்றார்.

"அந்தப் பூஜ்யம் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சுதந்திரம் வந்து முதல் சென்சஸ் அம்மா. சும்மா உட்கார்ந்த இடத்தில் எழுதியதில்லை. ஆள் நேரிலே போயிருக்கிறான். குடிசைகள் இருந்தன, மனுஷர் ஒருத்தர் இல்லை. மீன் சீசனுக்குப் போட்ட கொட்டகை என்று எழுதியிருக்கிறான். சமீபத்தில் கல் நடப் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் பொய்யா சொல்வார்கள்?"

தேசம்மாவுக்காகச் சண்டை போட வந்தவள் நான். ஆனால் இந்த மனிதர் முகத்தில் பொய் இல்லையே! அப்படியானால் யார் முகத்தில் இருக்கிறது?

"வரும் திங்கட்கிழமை நானே போய்ப் பார்க்கிறேன்" என்றார் ஆபீசர். "ஜனங்கள் இருந்தால், இருக்கிறார்கள் என்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் கம்பெனிக் கொட்டகை வேலை ஆரம்பித்துவிடும்."

இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? உடனே போய்க் குப்பத்துக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். வெயில் என்பதால் குடை. தண்ணீர்ப் புட்டியும் பேனாவும் வைத்துக்கொள்ள என் கறுப்புத் தோல்பை. உடுத்தியிருந்தது வெள்ளை வாயில் துணிப் புடவை, காலில் செருப்பு. இந்த அலங்காரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து, ஓடம் ஏறி உப்பங்கழியைக் கடந்தேன். ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், நடுவே ஒரு நாக்கு மணல். அதன் மேட்டில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தோள் துண்டை எடுத்து வீசினார். வரவேற்கிறார் போலிருக்கிறது என்று நானும் கையை ஆட்டினேன்.

மேடு ஏறிப் பார்த்தால்... ஊர் இருந்தது. ஆள் இல்லை.

நான் சொல்வதை நீங்கள் நம்பவேண்டும். குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. புளி வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஒரு வாசலில் பாதி ஆய்ந்த மீன், பக்கத்தில் கத்தி. ஒரு தூளி ஆடிக்கொண்டிருக்கிறது, உள்ளே பிள்ளை இல்லை! கிழவர்கூட மாயம். ஒரு கோழி மட்டும் என்னைப் பார்த்துக் கொக்கரித்துவிட்டு வலைக்குள் புகுந்துகொண்டது.

"தேசம்மா!" என்று கத்தினேன். அலைச் சத்தம்தான் கேட்டது.

பட்டப்பகலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளாக நான் யாரிடம் மீன் வாங்கினேன்? பேய் பிசாசெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம். ஆனாலும் அந்த நேரத்தில் கால் ஓடத்துறைப் பக்கம்தான் திரும்பியது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் கழிப் பக்கம் பார்த்தேன். தூரத்தில் கோரைப் புதர்களின் ஓரமாக வரிசையாகக் கட்டுமரங்கள். அவற்றின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு தலைகள்... ஆண்கள், பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். ஒரு பெண்ணின் கையில் மூடியோடு ஒரு சோற்றுப்பானை! ஊர் முழுக்கத் தண்ணீரில் மிதந்தபடி என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயய்ய, அது ஊசிக்காரி இல்லடி!" என்று அங்கிருந்து ஒரு குரல் கிளம்பியது. தேசம்மாவின் குரல்! "எங்க பேப்பர்காரம்மாடி! மரத்த திருப்புங்கடா!"

கரையேறினார்கள். என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். வாந்திபேதி ஊசி போட எப்போதாவது சர்க்காரிலிருந்து ஆள் வருவது வழக்கம். ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் வரும். கை வீங்கினால் துடுப்புப் போட முடியாது, வலை இழுக்க முடியாது. கடலுக்குப் போகாத நாள் அடுப்பு எரியாத நாள். ஆகவே ஊர்கூடிச் செய்த ஏற்பாடு: குடை, பை, செருப்பு, இந்த மூன்றும் சேர்ந்து ஓடத்தில் வந்தால் ஊசி. கிழவர் துண்டை வீசவேண்டியது. எல்லாரும் மரம் ஏறவேண்டியது. வந்தவன் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதும் திரும்பிவந்து குழம்பை இறக்கவேண்டியது.

"என்னைப் பார்த்தால் ஊசிக்காரி மாதிரியா இருக்கிறது?" என்றேன்.

"வெள்ளப் பொடவ, கறுப்புப் பை... நர்ஸம்மாவேதான்" என்றார் நாட்டார். அதாவது ஊர்த் தலைவர். "எங்கள இத்தினி வருசமா ஒருத்தன் தொட்டதில்லம்மா. கொஞ்ச வருசம் மின்ன ஒருத்தன் வந்தான் பாரு, தோள்ல பை, கால்ல செருப்பு, கைல கொடையும் பலகையும், மூக்குக் கண்ணாடி. வூடு வூடா நின்னு கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தான். பேஜாராகிப் பூட்டான். நாங்கோ புதர்ல குந்திக்கினு சிரிச்ச சிரிப்பு கீதே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவர் ஊசிக்காரர் இல்லை" என்றேன். "அவர் சென்சஸ்காரர். ஜனங்களை எண்ண வந்தவர். நீங்கள் புதரில் உட்கார்ந்து சிரித்தீர்களே, அன்றைக்குத்தான் அவர் இந்த ஊரில் ஆளே இல்லை என்று எழுதினார். கல் நட வந்தவர்களும் ஊசிக்காரர்கள் இல்லை. நீங்கள் வசதியாக ஊரைக் காலிசெய்து கொடுத்தீர்கள், அவர்கள் நிதானமாக நட்டுவிட்டுப் போனார்கள்!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நாட்டார் மணலில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணுறதுக்கா வந்தான்?" என்று ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டார். தேசம்மா என்னைப் பார்க்காமல் தன் வாசலில் நின்ற வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "படித்துப் படித்துச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆபீசர் வருகிறார். ஊசி கிடையாது. ஒருத்தரும் அசையக்கூடாது" என்றேன்.

"ஊசி இல்லன்னு நெஜமா தெரியுமாம்மா?" என்று கேட்டான் மாரி. தேசம்மாவின் ஒரே மகன், நல்ல ஆகிருதி. இடது தோளில் குழிந்த தழும்பு ஒன்று. ஒரு திருவிழாக் கூட்டத்தில் பிடித்து ஊசி போட்டார்களாம். அந்த இடம் புழுத்துச் சீழ் வைத்து, ஒரு சீசன் முழுவதும் அவன் கடலைப் பார்க்கவில்லை. வீட்டில் பட்டினி. அப்போதுதான் தேசம்மா முதல்முறையாகக் கூடை தூக்கினாளாம். இத்தனை நாளில் அவள் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

"தெரியும்" என்றேன். அவ்வளவு திடமாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை. ஊர் முழுக்கத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. நான் முன்கூட்டியே போய் மேட்டில் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் துண்டை வீசாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ஓடம் வந்தது. ஆபீசர் இறங்கினார். குடை, பை, செருப்பு. பரவாயில்லை, சொல்லி வைத்தாயிற்று. அவருக்குப் பின்னால் காக்கி உடையில் ஒருவர் இறங்கினார். கையில் தகரப் பெட்டி. அதன்மேல் ஒரு ஸ்பிரிட் அடுப்பு.

சுகாதார இன்ஸ்பெக்டர்!

ஓடினேன். "இது என்ன சார்?" என்று கத்தியே விட்டேன்.

ஆபீசருக்கு என் பதற்றம் புரியவில்லை. "நீங்கள்தானே ஆள் இருக்கிறார்கள் என்றீர்கள்? ஆள் இருந்தால் ஊசியும் போடவேண்டுமே. இரண்டு பேருக்கு இரண்டு தடவை ஓடம் எதற்கு என்று இவரையும் கூட்டி வந்தேன்" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! நான் திரும்புவதற்குள் கிழவரின் துண்டு வானத்தில் பறந்தது.

அடுத்த நிமிஷம் ஊர் கிளம்பிவிட்டது. பிள்ளைகளை வாரிக்கொண்டு பெண்கள் ஓடுகிறார்கள். மரங்கள் தண்ணீரில் சரிகின்றன. எல்லாருக்கும் முன்னால் மாரி! இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டான்.

"அதோ பாருங்கள், ஜனங்கள்! எண்ணிக்கொள்ளுங்கள்!" என்றேன் ஆபீசரிடம்.

"ஓடுகிறவர்களை எப்படியம்மா எண்ணுவது? இங்கே குடியிருக்கிறவர்கள் என்று எதை வைத்து எழுதுவது?" என்றார். அதுவும் சரியான பேச்சுத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊசி இல்லை என்று வாக்குக் கொடுத்தவள் நான். இனி இந்த ஜனங்கள் நான் சொல்லி நம்புவார்களா?

ஒருத்தி மட்டும் ஓடவில்லை. தேசம்மா தன் வாசலில் இருந்த வெள்ளைக் கல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"டேய், எங்கடா ஓடுறீங்கோ?" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். கழி அக்கரைக்குக் கேட்டிருக்கும். "ஓடினா இந்தாளு மறுக்கா பூஜ்யம் எழுதிக்கினு பூடுவான்டா! நீங்கோ திரும்பி வரசொல்ல ஊரு இருக்காதுடா! டேய் மாரி! வீங்குன கை எறங்கும்டா, போன ஊரு வராதுடா!"

மாரி தண்ணீரிலேயே நின்றான். தோளைத் தடவிக்கொண்டான். பிறகு அவன் திரும்பிக் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து ஒரு மரம் திரும்பியது. அப்புறம் இன்னொன்று.

தேசம்மா கல்லைவிட்டு இறங்கி ஆபீசர் எதிரில் வந்து கையை நீட்டினாள். "மொதல்ல எண்ணு. அப்பால குத்து."

சுகாதார இன்ஸ்பெக்டர் விவரமான ஆள். "எண்ணி முடித்ததும் ஓடிவிட்டால்? முதலில் ஊசி" என்றார்.

"குத்திட்டு எண்ணாம பூட்டா? தோ பாரு நைனா, எங்கிட்ட வோணாம்."

"ஊசி போட்டால் எண்ணாமலா போவார்?"

"எண்ணினா குத்திக்காமலா பூடுவோம்?"

அவர் பெட்டியை மூடுவது போல் மூடினார். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பி இரண்டடி நடந்தாள். அவர் பெட்டியைத் திறந்தார். அவள் திரும்பி வந்தாள்.

தேசம்மா பேரம் பேசுகிறாள்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியில் படிந்த பேரம் இது: ஒரு தலை எண்ணவேண்டியது, ஒரு ஊசி குத்தவேண்டியது, அடுத்த தலை, அடுத்த ஊசி. முதல் ஆள் தேசம்மா. இரண்டாவதாக மாரி கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்றான். புது ஊசியைக் கொதிக்கவைத்த பிறகுதான் போடவேண்டும் என்று நான் அடம்பிடித்து, அதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். அது மட்டும்தான் அன்று என்னால் முடிந்த உபகாரம். ஆபீசர் குனிந்து குனிந்து ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதினார். பெயர் வைக்காத கைக்குழந்தை ஒன்று வந்தது. அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்; அங்கேயே ஒரு பெயர் வைத்தார்கள். நாட்டார் கடைசியாக வந்தார். ஊசி குத்தும்போது அவர் போட்ட கூச்சலில் பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டன.

நமக்கெல்லாம் பிறந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு ஆபீசில் பெயர் இருக்கிறது. இருக்கிறோமா இல்லையா என்ற சந்தேகம் என்றைக்காவது வந்திருக்கிறதா? மூச்சு விட்டால் போதும், இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பெரிய முட்டாள்தனம்! யாராவது வந்து எட்டிப் பார்க்கும்போது வீட்டில் இருந்து தொலைக்கவும் வேண்டும் போலிருக்கிறது.

கொட்டகை வேலையை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லி ஆபீசர் மேலே எழுதிவிட்டார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று எனக்குத் தெரியாது. கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதில் இப்போது வலை காய்கிறதாம்.

இன்று காலை கொல்லை வாசலில் சத்தம் கேட்டது. தேசம்மா. இடது கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது, கண்ணில் இன்னும் காய்ச்சல். என் வீட்டுக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார். காலி.

"என்ன தேசம்மா, ஒன்றும் இல்லையா?" என்றார்.

"ஊரு பூரா கையத் தூக்க முடியாம குந்திக்கினு கீது. யாரு நைனா கடலுக்குப் போறது?" என்றாள். இத்தனை தூரம் நடந்து வந்தது இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது. காலிக் கூடையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊரு கீது நைனா. மீனுதான் இல்ல!"